உன் அழுத்தம் உனக்குத் தெரியுமா?

மாஹிம் ஸ்டேஷன், சாயங்காலம் ஏழு மணி. அந்தேரி லோக்கல் வந்து நின்று, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போன நேரம். படிக்கட்டு ஓரமாக ஒதுங்கி நின்ற ஒரு தம்பி என்னிடம் இப்படிச் சொன்னான்:

"அண்ணா, ரெகுலேட்டர் வச்ச ரைபிளா வாங்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு இருக்கேன். இப்ப சேத்து வச்சிருக்கிற காசுக்கு ரெகுலேட்டர் இல்லாததுதான் கெடைக்கும். அதை வாங்கி என்ன பிரயோஜனம்? இன்னும் கொஞ்சம் சேரட்டும்."

தாராவி 90 அடி ரோட்டுப் பையன். காலேஜில் என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ ரைபிளைத் தோளில் வைத்த அன்றைக்கு அவனுக்குள் ஒரு தீ பற்றியது. பற்றி மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமும் அவன் செய்த பயிற்சி என்ன தெரியுமா? போனில் ரைபிள் வீடியோ பார்த்தது! விலை விசாரித்தது! "இன்னும் கொஞ்சம் சேரட்டும்" என்று சொல்லிக்கொண்டது!

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அன்பு இருக்கிற இடத்தில் வருகிற கோபம். அன்றைக்கு ரயில் சத்தத்தில் அவனிடம் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். ரைபிள் உனக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரமாக இருக்கலாம். உன் கனவு வயலினாக இருக்கலாம், தையல் மெஷினாக இருக்கலாம், கேமராவாக இருக்கலாம். "நல்ல கருவி வரட்டும், அப்புறம் தொடங்குகிறேன்" என்று எவன் எவன் சொல்கிறானோ, அவனுக்கெல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

அம்மா திருகும் அந்தக் குமிழ்

முதலில் ரெகுலேட்டர் என்றால் என்னவென்று புரிந்துகொள். உன் வீட்டு கேஸ் சிலிண்டரின் தலையில் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான். சிலிண்டருக்குள் எத்தனை அழுத்தம் இருந்தாலும் அதைக் கட்டுப்படுத்தி, அடுப்புக்கு ஒரே அளவாக அனுப்புகிறது. அதனால்தான் புது சிலிண்டர் வந்த அன்றும், பத்து நாள் கழித்தும், உன் அம்மா ஊற்றுகிற தோசைக்கு ஒரே மாதிரி சுவாலை கிடைக்கிறது.

முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கிற ரைபிளை, பி.சி.பி. என்கிறார்களே, அதையும் இப்படி நினைத்துக்கொள். குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர். அதில் கைப் பம்பால் காற்றை அடைக்கிறாய். 200 பார் என்பது பல ரைபிள்களில் வழக்கமான அளவு. கார் டயரில் இருக்கிற அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 90 மடங்கு! டிரிகரை அழுத்தினால் ஒரு சுத்தியல் ஓடிவந்து வால்வைத் தட்டுகிறது. வால்வு கண நேரம் திறந்து மூடுகிறது. அந்தக் கணத்தில் வெளியேறுகிற காற்று பெல்லட் என்கிற குண்டைத் தள்ளுகிறது.

விலை கூடிய ரைபிளில் இந்தச் சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு ரெகுலேட்டர் இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தம், ஒரே வேகம். விலை குறைந்ததில் அது இருக்காது. சிலிண்டரின் அழுத்தம் நேராக வால்வின் முதுகில் உட்கார்ந்திருக்கும்.

அப்போது நடக்கிற அதிசயத்தைக் கவனி. சிலிண்டரை முட்ட முட்ட நிரப்பினால் முதல் குண்டுதான் வேகமாகப் போகும் என்றுதானே நினைக்கிறாய்? போகாது! உள்ளே அழுத்தம் அதிகமாக இருப்பதால் அது வால்வை இறுக்கி மூடிப் பிடித்திருக்கிறது. சுத்தியல் தட்டினாலும் வால்வு கொஞ்சம்தான் திறக்கிறது. முதல் சில குண்டுகள் மெதுவாகவே போகின்றன. சுடச் சுட அழுத்தம் இறங்குகிறது, வால்வு தாராளமாகத் திறக்கிறது, வேகம் ஏறுகிறது. ஓர் உச்சிக்கு வருகிறது. அங்கே சில குண்டுகள் ஏறக்குறைய சம வேகத்தில் போகின்றன. பிறகு காற்று தீரத் தீர வேகம் சரிகிறது.

மெதுவாக ஏறி, மேட்டில் கொஞ்ச நேரம் நின்று, இறங்குகிற ஒரு வளைவு. ரெகுலேட்டர் இல்லாத ரைபிளின் ஜாதகமே அந்த வளைவுதான். அந்த ஜாதகத்தை வாசிக்கத் தெரிந்தவன் கையில் அது நல்ல ரைபிள். வாசிக்கத் தெரியாதவன் கையில் அது வெறும் இரும்பு.

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு நாள்

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஒரு நண்பரின் ரைபிளை, பயிற்சிக்கூடத்தில் அவர் பக்கத்தில் இருக்க, ஒரு நாள் முழுக்க நான் அளந்து பார்த்திருக்கிறேன். குண்டின் வேகத்தை அளக்கிற குரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்கினோம். கட்டம் போட்ட நோட்டில் இடது ஓரம் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் நேராக வேகம். ஐந்து குண்டுக்கு ஒரு முறை பிரஷர் மீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

முதல் பத்துக் குண்டுகளில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பதினைந்தைத் தாண்டியதும் எண்கள் நெருங்க ஆரம்பித்தன. அடுத்தடுத்து, வரிசையாக, ஏறக்குறைய ஒரே எண். நண்பர் ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கி, அந்த வரிசை தொடங்கிய இடத்தில் ஒரு கோடு, முடிந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். "இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலதான் இந்த ரைபிள் இருக்குது" என்றார்.

அன்றிலிருந்து அவர் சிலிண்டரை முட்ட நிரப்புவதே இல்லை. மேல் கோட்டுக்கு எந்த அழுத்தமோ, அதுவரைக்கும்தான் பம்பு. கீழ்க் கோடு வந்ததும் நிறுத்தி, மறுபடி நிரப்புகிறார். கைக்கும் வேலை மிச்சம், குண்டும் ஒரே இடத்தில் விழுகிறது. ரெகுலேட்டர் செய்ய வேண்டிய வேலையை ஒரு நோட்டும் ஒரு பேனாவும் செய்தன! ரெகுலேட்டர் அவருடைய தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நில். அறிவு என்பது இதுதான். பணத்தால் வாங்க முடியாத ஒன்றைக் கவனத்தால் சம்பாதிக்க முடியும். தாராவியில் பிறந்து வளர்ந்த உனக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பட்டறைகளில் உழைத்தார்களே நம் பெரியவர்கள், அவர்களில் எத்தனை பேர் அளவுகோல் கேட்டார்கள்? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலைப் பிடித்து ஒரு முறை தேய்த்தாலே இது பைக்கு ஆகும், இது பெல்ட்டுக்கு ஆகும் என்று சொல்லிவிடுவார்கள். மீட்டர் அவர்கள் விரலில் இருந்தது. அந்தப் பரம்பரையில் வந்த நீ, மீட்டர் இல்லை என்று மூலையில் உட்காரலாமா?

காகிதத்தில் கணக்குப் போடு, பயம் ஓடும்

"ஆனாலும் அண்ணா, வேகம் மாறினா குறி தப்புமே?" என்பாய். தப்பும். எவ்வளவு தப்பும்? பயத்தை அளக்காமல் விட்டால் அது பூதம். அளந்தால் அது ஒரு எண். வா, அளப்போம்.

10 மீட்டர் ஏர் ரைபிள் என்பது ஒலிம்பிக் போட்டி. பெயரே தூரத்தைச் சொல்கிறது. குண்டு நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வை. அந்தப் பத்து மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பு அதை எட்டரை மில்லிமீட்டர் இறக்குகிறது. வேகம் 230 ஆகக் குறைந்தால் ஒன்பதே கால் மில்லிமீட்டர் இறங்கும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! இலக்கில் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு இடைவெளியோ இரண்டரை மில்லிமீட்டர்.

உச்சிப் போட்டியில் அந்த முக்கால் மில்லிமீட்டரும் பெரிய விஷயம்தான், நான் மறைக்கவில்லை. அங்கே பத்து மதிப்பெண்ணுக்கான நடுப்புள்ளியே அரை மில்லிமீட்டர். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 என்று தசமத்தில் மதிப்பெண் போடுகிறார்கள். 60 குண்டு சுட்டால் 654 தான் உச்சம். 0.1 வித்தியாசத்தில் பதக்கம் கைமாறுகிற களம் அது. அங்கே போகிறவனுக்கு ரெகுலேட்டர் வைத்த மேட்ச் ரைபிள் கட்டாயம் வேண்டும்.

ஆனால் நீ இப்போது எங்கே நிற்கிறாய்? முதல் நாள் ரைபிளை நிமிர்த்திப் பிடிக்கிறவனின் கை ஆடுகிற ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர் தெரியுமா? 45.5 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த இலக்கு முழுக்க அவன் குறிமுள் நடனம் ஆடும்! உன் கை இருபது மில்லிமீட்டர் ஆடும்போது, ரைபிள் முக்கால் மில்லிமீட்டர் தப்பு செய்கிறது என்று அதைத் தள்ளிவைக்கிறாயே, இது நியாயமா? முதல் வருஷம் உன் பிழை முழுக்க உன் மூச்சில் இருக்கிறது, உன் கால் ஊன்றலில் இருக்கிறது, டிரிகரை மெல்ல அழுத்தாமல் பிடுங்குகிற உன் விரலில் இருக்கிறது. அந்தப் பிழைகளைத் திருத்த எந்தக் கம்பெனியும் ரெகுலேட்டர் செய்து விற்கவில்லை!

ஆயிரத்தைந்நூறு முறை பம்பு அடித்தவர்கள்

சரித்திரத்தையும் கொஞ்சம் பார். 1780-ல் ஆஸ்திரிய ராணுவம் ஒரு காற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. செய்தவர் பார்த்தொலோமியோ ஜிரார்தோனி. முன்கூட்டியே காற்று அடைக்கிற வகைதான். தோள்கட்டையே காற்றுச் சிலிண்டர். ரெகுலேட்டரா? அப்படி ஒரு பேச்சே இல்லை. ஒரு சிலிண்டரை முழுக்க நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சுடச் சுட வேகம் குறையும் என்று அந்தச் சிப்பாய்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அதைத் தூக்கினார்கள். 1804-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை அறியப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் பயணக் குழு கொண்டுபோன காற்றுத் துப்பாக்கியும் இந்த வகைதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆள், காற்று கசிகிற தோல் வாஷரோடு மல்லுக்கட்டிக்கொண்டு பம்பு அடித்தான். உனக்கு இன்றைக்கு மூன்று கட்டக் கைப் பம்பும், ரப்பர் ஓ-ரிங்கும், முள் காட்டுகிற மீட்டரும் இருக்கின்றன. இன்னும் என்ன வேண்டும்?

நம் ஊரையே எடுத்துக்கொள். துப்பாக்கிக் குழல் துளைக்கிற ஆழ்துளை எந்திரங்களைச் செய்துகொண்டிருந்த பிரிசிஹோல் என்கிற நிறுவனம் இதே மும்பைக்குப் பக்கத்தில் தானே மாவட்டத்தில்தான் இருக்கிறது. எந்திரம் செய்தவர்கள் ஏர் ரைபிளே செய்ய இறங்கினார்கள். ஒரு காலத்தில் நல்ல ஏர் ரைபிள் என்றால் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்ற நிலை. இன்றைக்கு நம் நாட்டுத் தயாரிப்பிலேயே பி.சி.பி. கிடைக்கிறது. கதவு உனக்காகத் திறந்து கிடக்கிறது. நீ இன்னும் வாசலில் நின்று தாழ்ப்பாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாய்!

வாங்கப் போகிறாயா? இதைப் பார்த்து வாங்கு

உணர்ச்சி மட்டும் போதாது. கடைக்குப் போகிறவனுக்குக் கண் வேண்டும்.

முதல் கண், சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, குண்டின் சக்தி 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். பாயின்ட் ஒன் செவன் செவன் என்று கடையில் சொல்வது இந்த 4.5 மில்லிமீட்டரைத்தான். அந்த எல்லைக்குள் இருப்பதை மட்டும் வாங்கு. எழுத்தில் கேள், பில் இல்லாமல் நகராதே. "ஸ்பிரிங்கை மாத்தி பவர் ஏத்தித் தர்றேன்" என்று எவனாவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடு. விளையாட்டு வீரனுக்கு வேண்டியது பலமில்லை, ஒழுங்கு. 10 மீட்டர் மேட்ச் ரைபிள்களின் வேகமே நொடிக்கு 170 மீட்டரை ஒட்டித்தான். அந்த வேகத்தில்தான் உலகச் சாதனைகள் நடக்கின்றன.

இரண்டாவது கண், அழுத்தம். 300 பார் வரைக்கும் நிரப்பலாம் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கைப் பம்பால் நிரப்பப் போகிறவன் யார்? நீ! கடைசி 50 பாருக்கு உன் முழு எடையையும் பம்பின் மேல் போட வேண்டிவரும். 200 பாரில் நிரம்புகிற ரைபிள் உன் இடுப்புக்கு நல்லது. அதோடு, "முழுசா நிரப்பினா எத்தனை குண்டு?" என்று மட்டும் கேட்டு ஏமாறாதே. "சம வேகத்தில் எத்தனை குண்டு?" என்று கேள். அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் நிமிர்ந்து உன்னைப் பார்ப்பார். விஷயம் தெரிந்தவன் வந்திருக்கிறான் என்று அவருக்குப் புரியும்.

மூன்றாவது கண், உன் உடம்பு. ரைபிளின் அடிக்கட்டையை முழங்கையின் உள்மடிப்பில் வைத்துப் பார். விரல் இயல்பாக டிரிகரைத் தொடுகிறதா? எக்க வேண்டியிருந்தால் அது உன் ரைபிள் இல்லை. தூக்கி நிறுத்தி மெதுவாக முப்பது எண்ணு. தோள் கெஞ்சினால் எடை அதிகம். டிரிகரை மெல்ல இழுத்துப் பார். முதலில் தளர்வாக வந்து, ஓர் இடத்தில் தட்டி நின்று, பிறகு கண்ணாடி உடைகிற மாதிரி சட்டென்று விடுபட வேண்டும். மணலில் இழுப்பது போலிருந்தால் வேண்டாம். ரெகுலேட்டர் இல்லாததை நோட்டு சரிக்கட்டும். டிரிகர் மோசமானால் அதை ஒன்றும் சரிக்கட்டாது.

நான்காவது கண், நாளைக்கு. ஓ-ரிங் தேயும், காற்று கசியும். மும்பை நாக்தேவித் தெருக் கடைகளில் ஓ-ரிங் மாலை மாலையாகத் தொங்கும். ஆனால் கண்ணளவில் பொருந்துகிறதே என்று எதையாவது வாங்கிப் போடாதே. இத்தனை அழுத்தத்துக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவும் சொன்ன கடினமும் இருக்க வேண்டும். பழைய ரைபிள் வாங்கினால், சிலிண்டரில் நசுங்கலோ துருவோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். ஒரு சின்ன நசுங்கல் இருந்தாலும் இனாமாகக் கொடுத்தால்கூட வாங்காதே.

இன்னும் ஒன்று. மாஹிம் பக்கம் வாழ்கிறோம், காற்றிலேயே உப்பும் ஈரமும். ஜூன் பிறந்தால் சுவரே வியர்க்கிற ஊர் இது. அந்த ஈரக் காற்றைத்தான் நீ பம்பு அடித்து உள்ளே அனுப்புகிறாய். அது சிலிண்டருக்குள் தண்ணீராகத் தங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். பம்போடு ஈரம் உறிஞ்சுகிற வடிகட்டி வைத்துக்கொள். நடுநடுவே நிறுத்தி, பம்பு சூடு ஆற விடு, அடியில் இருக்கிற திருகைத் திறந்து ஈரத்தை வெளியேற்று. சாதாரண எண்ணெய் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது, சிலிகான் கிரீஸ் மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பவே நிரப்பாதே. அது வெடிகுண்டு.

பறவை இலக்கு அல்ல

இங்கே குரலை உயர்த்தியே சொல்கிறேன். மித்தி ஆற்றங்கரையில், குப்பை கொட்டிக் கொட்டி மேடாகிப் போன இடத்தில் மரம் நட்டு வளர்த்த காடு ஒன்று நம் தாராவி எல்லையிலேயே இருக்கிறது, மஹாராஷ்டிரா நேச்சர் பார்க். அங்கே வருகிற பறவைகளைப் பார்த்துக் கை துறுதுறுத்தால், தயவுசெய்து ரைபிளே வாங்காதே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உன்னைச் சும்மா விடாது. அதைவிட, உயிரைக் குறிவைக்கிறவன் ஒருநாளும் தன்னைக் குறிவைத்துப் பழகமாட்டான். மொட்டை மாடியிலும் சுடாதே, சந்திலும் சுடாதே. பத்தடி தள்ளி இன்னொரு வீட்டு ஜன்னல் இருக்கிற ஊர் இது. ரயிலில் கொண்டுபோனால் பெட்டிக்குள், குண்டில்லாமல், பில்லும் உறுப்பினர் அட்டையும் கூடவே. குண்டு இருக்கிறதோ இல்லையோ, குழல் முனை எந்த மனிதனையும் பார்க்கக் கூடாது. சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பெல்லட் ஈயம்.

சுட இடமா இல்லை? வர்லியில் மஹாராஷ்டிரா ரைபிள் அசோசியேஷனின் பயிற்சிக்கூடம் இருக்கிறது. உனக்கு இன்னும் பக்கத்தில், சிவாஜி பார்க் சாவர்க்கர் நினைவகத்திலும் சுடும் பயிற்சிக்கூடம் உண்டு. மாஹிமிலிருந்து நடந்தே போகலாம். போய்ச் சேர். உன் ரைபிள் எந்தப் பிரிவுப் போட்டிக்கு ஆகும், திறந்த குறிமுனைக்கா, துளை வழியே குறிபார்க்கிற பீப் சைட்டுக்கா என்று அங்கேயே கேட்டுக்கொள். பெட்டியைத் திறக்குமுன் பயிற்சியாளர் காலில் விழாவிட்டாலும் பரவாயில்லை, அவர் சொல் கேள்.

அவர்களும் எங்கேயோ தொடங்கினார்கள்

அஞ்சலி பாகவத்தைத் தெரியுமா உனக்கு? இந்த மும்பைக்காரிதான். உன்னைப் போலவே என்.சி.சி. வழியாக ரைபிளைத் தொட்டவர். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றுக்குப் போனார். 2002-ல் மியூனிக்கில் சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன் என்று பட்டம் வாங்கினார்.

சுவப்னில் குசாலேயைத் தெரியுமா? கோலாப்பூர் மாவட்டத்துக் கம்பல்வாடி கிராமத்துக்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம்! உன்னோடு ரயிலில் வந்து டிக்கெட் கேட்டிருக்கக்கூடிய மனிதர் உலக மேடையில் நின்றார்.

நம் பெண் இளவேனில் வாலறிவனைத் தெரியுமா? கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். பூர்வீக மண் ஒன்று, பிழைக்கிற மண் ஒன்று என்கிற உன் கதையேதான் அவருக்கும். 2018-ல் சிட்னியில் ஜூனியர் உலகக் கோப்பைத் தங்கம். 2019-ல் ரியோ டி ஜெனீரோவில் உலகக் கோப்பைத் தங்கம். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் ஏர் ரைபிளோடு இந்தியாவுக்காக நின்றார்.

"அவங்க கையில இருந்தது லட்சக்கணக்குல விலை போற மேட்ச் ரைபிள்" என்பாய். உண்மை. ஆனால் அந்த ரைபிள் அவர்களை வளர்க்கவில்லை. வளர்ந்தவர்கள் கைக்கு அந்த ரைபிள் வந்தது. வரிசையை மாற்றிப் படிக்காதே! தகுதி முன்னால் போகும், கருவி பின்னால் ஓடிவரும். நல்ல மதிப்பெண் போடுகிற பையனைச் சங்கம் கவனிக்கும், வேலை தருகிறவன் கவனிக்கும், ரைபிள் இரவல் தருகிறவன்கூட வருவான். வீடியோ பார்க்கிற பையனை யார் கவனிப்பார்கள்?

உனக்கும் ஒரு வளைவு இருக்கிறது

கடைசியாக, ரைபிளைக் கீழே வைத்துவிட்டு உன்னைக் கையில் எடு.

சில பேருக்குப் பிறக்கும்போதே ரெகுலேட்டர் இருக்கிறது. வசதியான வீடு, வழி காட்டுகிற பெரியவர்கள், விழுந்தால் தாங்குகிற வங்கிக் கணக்கு. வெளியே என்ன அழுத்தம் வந்தாலும் அவர்களுக்கு ஒரே அளவாகத்தான் வந்து சேரும். உனக்கும் எனக்கும் அது இல்லை. வாடகை, அப்பாவின் மருந்து, தங்கையின் ஃபீஸ், கோலி என்கிற ஒற்றை அறைக்குள் ஆறு பேர் என்று அத்தனை அழுத்தமும் நேராக நம் முதுகில்தான் உட்காருகிறது. அதனால்தான் ஒருநாள் பறக்கிறோம், மறுநாள் படுத்துக்கிடக்கிறோம்.

அதற்காக உன்னைப் பழுதான சரக்கு என்று நினைக்காதே! உன் வளைவை நீ இன்னும் எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எழுது. காலையில் எந்த மணிக்கு உன் மூளை தெளிவாக இருக்கிறது? எத்தனை மணி வேலைக்குப் பிறகு கை தடுமாறுகிறது? எந்தச் சொல் கேட்டால் கொதிக்கிறாய்? ஒரு மாதம் எழுது. உன் நாளிலும் இரண்டு கோடு விழும். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு மணி நேரமோ, அரை மணி நேரமோ, அதுதான் உன் சொத்து. அதை வாட்ஸ்அப்புக்குக் கொடுக்காதே, வெட்டிப் பேச்சுக்குக் கொடுக்காதே. உன் கனவுக்குக் கொடு.

இன்னொன்றையும் அந்த வால்விடம் கற்றுக்கொள். முட்ட முட்ட நிரப்பினால் கதவே திறக்காது. "உலகத்தையே ஜெயிப்பேன்" என்று ஆவேசத்தில் ஒரே நாளில் நூறு குண்டு சுடுகிறவன் மறுநாள் வரமாட்டான். அளவோடு நிரப்பு, தினமும் நிரப்பு. தீர்ந்துபோகும் வரைக்கும் இழுக்காதே. கீழ்க் கோடு வந்ததும் நிறுத்து, தூங்கு, மறுபடி பம்பு அடி. ரெகுலேட்டர் இல்லாமல் தன் அழுத்தத்தைத் தானே ஆளப் பழகியவனின் கையில் நாளைக்கு ரெகுலேட்டர் வைத்த ரைபிள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்!

ஆகவே தம்பி, இன்றைக்கே தொடங்கு. ரைபிள் இன்னும் வரவில்லையா? பரவாயில்லை. பத்து மீட்டரில் தெரிகிற இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். உன் கோலி பத்தடிக்குப் பத்தடி, அதாவது மூன்று மீட்டர். அந்தத் தூரத்தில் அதே வட்டம் ஒன்பது மில்லிமீட்டராக இருந்தால் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும். ஒன்பது மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? உன் அம்மா கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிற ஸ்டிக்கர் பொட்டு!

கேட்டு ஒன்று வாங்கிக்கொள். எதிர்ச் சுவரில் உன் கண் மட்டத்துக்கு ஒட்டு. காலைத் தோள் அகலத்துக்கு ஊன்று. இடது முழங்கையை விலாவோடு சேர்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அந்தப் பொட்டைப் பார். பத்து எண்ணும்வரை அசையாமல் நில். முதல் நாள் ஆடுவாய். ஆடினாய் என்று நோட்டின் முதல் வரியில் தேதி போட்டு எழுது.

மூன்று வருஷமாக வராத தொடக்கம் அந்த ஒரு வரியில் வந்துவிடும். இன்று ராத்திரி, விளக்கை அணைப்பதற்கு முன்னால், அந்தப் பொட்டை ஒட்டிவிட்டுப் படு.